சொர்ணக்கிளியின் முடியும் மூன்று பங்கும்

தட்டான்குண்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏணிவீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். வீட்டுக்குள் ஏணி இருப்பதால் அந்தப் பெயர். எல்லா வீட்டிலும்தான் ஏணி இருக்கிறது, ஆனால் மற்ற வீட்டு ஏணிகள் வெளியே வரும், போகும். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார், "நான் வந்து எடுக்குற வரைக்கும் ஏணி அங்கேயே நிக்கட்டும், யாரும் தொடாதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் வேறு ஊரில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். பதினொரு வருஷமாக ஏணி நடுவீட்டில் சாய்ந்து நிற்கிறது. அதில் வேட்டி காயும். வேட்டி 'யாரும்' இல்லை என்பதால் அதற்குத் தடை கிடையாது. மனிதர்கள் மட்டும் குனிந்து அந்தப் பக்கம் போவார்கள், குனிந்து இந்தப் பக்கம் வருவார்கள்.

அந்த வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை. மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் உச்சிமாகாளி, இளையவன் நம்பிராஜன். தங்கை சொர்ணக்கிளி.

அவர்கள் அப்பா கண்ணை மூடுமுன் மூன்று ஆண்பிள்ளைகளையும் கூப்பிட்டு, எதுவாக இருந்தாலும் சமமாகப் பங்கு வைத்துக்கொள்ள வேண்டும், ஒருத்தன் பங்கில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது, எதிலும் மூத்தவனுக்குத்தான் முதல் இடம் என்று சொல்லிவிட்டுப் போனார். சொர்ணக்கிளியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது மூச்சு நின்றுவிட்டது. ஆகவே அவளுக்குப் பங்கு கிடையாது.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பனைமரம் நின்றது. அதை மூன்றாகப் பிரித்தார்கள். வேர் பெரியவருக்கு, தண்டு நடுவிலவனுக்கு, தலை இளையவனுக்கு. நுங்கு பறிக்க வேண்டுமென்றால் நம்பிராஜன் அண்ணன் பங்கின் மேல் ஏற வேண்டும். அது முறையில்லை. அதனால் நுங்கு தானாகப் பழுத்துத் தானாக விழும்.

யாராவது வந்து சேதி சொன்னாலும் அதே முறைதான். முழுச் சேதியையும் ஒருத்தனே மூளையில் வைத்திருப்பது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? ஒரு முறை சொந்தக்காரர் ஒருவர், வருகிற செவ்வாய்க்கிழமை, காலையில், மேலூரில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையப்பன் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டார். உச்சிமாகாளி காலையை எடுத்துக்கொண்டான். நம்பிராஜனுக்குக் கல்யாணம் பிடித்திருந்தது. ஊரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நான்கு பேரும் குளித்து, புதுத்துணி உடுத்தி, கல்யாணத்துக்குப் புறப்பட்ட கோலத்தில் மத்தியானம் வரை வீட்டு வாசலில் நின்றார்கள். ஒரு குறையும் இல்லாமல் புறப்பட்டோம் என்பதில் சொர்ணக்கிளிக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

சொர்ணக்கிளி அதிகம் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து அவள் முடி பேசும். அது சுருட்டையும் இல்லை, நெளியும் இல்லை. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஒரு முடிவு எடுத்ததுபோல ஒவ்வொரு திசையில் போகும். காலையில் பின்னிய சடை பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் தானாக அவிழ்ந்துவிடும். உள்ளே போன கொண்டை ஊசி திரும்பி வந்ததில்லை. மழை வருவது வானத்தில் தெரிவதற்கு முன்னால் அவள் தலையில் தெரியும். பொம்மிக்கொண்டு இரண்டு மடங்காகும்.

அவள் தெருப் பெண்களுக்கு ரவிக்கைக்கு ஊக்கு வைப்பாள், சேலைக்கு ஓரம் அடிப்பாள். எல்லாம் கைத்தையல். விரல் நுனி முழுக்க ஊசிக் குத்து. ஒரு தையல் மெஷின் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தபடியே படுப்பாள். யூனியன் ஆபீஸில் பெண்களுக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாக விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பம் திரும்பி வந்தது. போட்டோவில் தலை முழுதாக இல்லை என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தலை முழுதும் தெரிகிற போட்டோ தர வேண்டும், தவறினால் மெஷின் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

அன்று திங்கட்கிழமை. நான்கு பேரும் டவுனுக்குப் போய் ஸ்டுடியோ ஜெபராஜிடம் முறையிட்டார்கள். ஜெபராஜ் நல்ல மனிதர். என்ன செய்வார்? கிட்டே இருந்து எடுத்தால் முடி போட்டோவுக்கு வெளியே போகிறது. முடி முழுவதும் உள்ளே வருகிற அளவுக்குப் பின்னால் போய் எடுத்தால், நடுவில் முகம் புளியங்கொட்டை அளவுக்கு இருக்கிறது. அவர் திரையை விலக்கி, பின்பக்கம் அழகுநிலையம் நடத்துகிற தன் மனைவி எஸ்தரைக் கூப்பிட்டார்.

எஸ்தர் சொர்ணக்கிளியின் முடியைக் கையில் எடுத்து, நிதானமாகப் பார்த்தாள்.

"உன் முடிக்குத் தாகம், தங்கச்சி. அதான் இப்படிப் பறக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். வெந்தயத்தை ஊற வைக்க வேண்டும். அதை அரைத்துத் தலையில் தடவி, ஊறவிட்டு அலச வேண்டும். அலசின தலையைத் துண்டால் துவட்டவே கூடாது. நிழலில்தான் காய வைக்க வேண்டும். பல் அகலமான சீப்பால் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே சீவ வேண்டும். தாகம் அடங்க ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டால் போதும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இதைப் பங்கு வைத்தார்கள். முதலில் எடுக்கிற உரிமை பெரியவருக்கு. நிழலில் காய வைப்பதையும், கீழிருந்து மேலே சீவுவதையும் ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டார். உச்சிமாகாளி வெந்தயம் ஊறவைப்பதையும் துண்டால் துவட்டாமல் இருப்பதையும் எடுத்துக்கொண்டான். மிஞ்சிய அரைப்பதும் அலசுவதும் தாகமும் எண்ணெயும் நம்பிராஜனுக்கு. செய்வதும் அந்த வரிசையில்தான், மூத்தவர் முதலில்.

நனைப்பதற்கு முன்னால் எப்படிக் காய வைப்பது என்று சொர்ணக்கிளிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பங்கு இல்லாதவள் பேசக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்சீட்டு ஆள், தனக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெரியண்ணன் தன் பங்கைத் தொடங்கினார். காய வைக்க நிழல் வேண்டும். அவர்களுக்குச் சொந்தமாக இருந்த நிழல் பனைமரத்து நிழல் ஒன்றுதான். அதில் ஒரு சிக்கல் எழுந்தது.

"தண்டு நிழல் எனக்கு. தலை நிழல் தம்பிக்கு" என்றான் உச்சிமாகாளி.

"அப்ப எனக்கு?"

"வேருக்கு நிழல் கிடையாதுல்லாண்ணே. மண்ணுக்குள்ள இருக்கு."

ஆவுடையப்பன் யோசித்தார். "மண்ணுக்குள்ள இருட்டாத்தானலே இருக்கு. அதுவும் நிழல்தானே?"

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆனால் சொர்ணக்கிளியை மண்ணுக்குள் வைத்துக் காயப்போடுவதில் சிரமம் இருந்ததால், நம்பிராஜன் பெரிய மனசு பண்ணித் தன் தலை நிழலை அண்ணனுக்கு அன்று ஒரு நாள் விட்டுக்கொடுத்தான்.

காலையில் அந்த நிழல் மேற்கே எருக்குழி ஓரத்தில் கிடந்தது. சொர்ணக்கிளி, ஏற்கெனவே காய்ந்திருந்த முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்தாள். நிழல் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். உச்சிவேளைக்கு நிழல் மரத்தடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அவள் பனையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு நிழல் கிழக்கே புறப்பட்டு, வேலியைத் தாண்டி, அடுத்த வீட்டுப் பெரியநாயகம் அத்தையின் ஓட்டுக்கூரை மேல் ஏறியது. சொர்ணக்கிளியும் ஏறினாள்.

கீழே இருந்து அத்தை அண்ணாந்து பார்த்தாள். "ஏட்டி, அங்க என்ன பண்ணுத?"

"காயுதேன் அத்தை."

"சரி. அந்த ஓரத்துல மோர்மிளகா கிடக்கு. காக்கா வந்தா விரட்டு" என்று சொல்லிவிட்டு அத்தை படுக்கப் போனாள்.

வெயில் தாழத் தாழ நிழல் நீண்டுகொண்டே போனது. கூரையை விட்டு இறங்கி, தெருவைக் கடந்து, சாயங்காலம் குளத்துக்குள் இறங்கிவிட்டது. பெரியண்ணன் கரையில் நின்றபடி, இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று கையைக் காட்டினார். சொர்ணக்கிளி கழுத்தளவு தண்ணீரில் போய் நிழலைப் பிடித்தாள். முடி தண்ணீரின் மேல் தாமரை இலைபோல விரிந்து மிதந்தது. இரண்டு தவளைகள் ஏறி உட்கார்ந்தன. பொழுது இறங்கியது, நிழல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"காலையில காஞ்சு இருந்துச்சு. நாள் பூராக் காய வெச்ச பிறகு நனைஞ்சு இருக்கு" என்றான் நம்பிராஜன்.

"நிழல்ல காய வெச்சா அப்படித்தான் போல. வெயில்ல வெச்சிருந்தா இன்னும் நனைஞ்சிருக்கும். அதான் எஸ்தர் வேண்டாம்னு சொல்லியிருக்கா" என்றார் ஆவுடையப்பன். எஸ்தரின் அறிவை நினைத்து எல்லாரும் கொஞ்ச நேரம் வியந்தார்கள்.

அடுத்து சீவ வேண்டும். பல் அகலமான சீப்பு வீட்டில் இல்லை. களத்தில் வைக்கோலை இழுத்துக் கூட்டுகிற மரவாரி இருந்தது. ஒவ்வொரு பல்லும் பெருவிரல் தடிமன், நடுவில் நான்கு விரல் இடைவெளி. இதைவிட அகலம் டவுனிலும் கிடைக்காது. கைப்பிடி எட்டடி நீளம் என்பதால் பெரியண்ணன் தெருவில் நிற்க வேண்டியதாயிற்று. சொர்ணக்கிளி நடுவீட்டில் ஏணியோரமாக உட்கார்ந்தாள். வாரி வாசல் வழியாக உள்ளே வந்தது.

"கீழ இருந்து மேல. முடிக்குக் கீழ எது?" என்று தெருவிலிருந்து கேட்டார்.

"மரத்துக்கு எது கீழ? வேர். முடிக்கும் வேர்தான் கீழ" என்றான் உச்சிமாகாளி.

"அப்ப நுனி மேல."

"பின்னே?"

இப்படித்தான் வேரிலிருந்து நுனியை நோக்கி, தரையிலிருந்து கூரையை நோக்கி, முடியை வாரி எழுப்பினார்கள். முக்கால் மணி நேரத்தில் அது நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. எழுந்த வேகத்தில் ஏணியின் மூன்று படிகளில் போய்ச் சுற்றிக்கொண்டது.

சொர்ணக்கிளி கையைத் தூக்கியவள், ஏணியைத் தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்து இறக்கிக்கொண்டாள். முடி தொடுவது தொடுவதாகுமா என்று அண்ணன்மார் பேசினார்கள். முடி 'யாரும்' இல்லை, அதனால் குற்றமில்லை என்று தீர்ந்தது. ஆனால் எடுக்கிற கை ஆளுடைய கை. ஆகவே முடி தானாக மனம் வந்து விடுகிற வரைக்கும் காத்திருந்தார்கள். சோறு அவள் இருந்த இடத்துக்கே வந்தது. விடிகிற நேரத்தில் முடி தானாகக் கழன்றுகொண்டது.

புதன்கிழமை உச்சிமாகாளியின் நாள். வெந்தயத்தை ஊற வைப்பது வரைதான் அவன் பங்கு. அரைப்பது தம்பி பங்கு, அதில் கை வைக்க மாட்டான். ஊற வைக்கப் பாத்திரம் தேடினவன், தங்கை தலையைப் பார்த்தான். குளத்துத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. எப்படியும் தலைக்குத்தானே போகப் போகிறது, இடையில் ஒரு கிண்ணத்தை எதற்கு அழுக்காக்குவது? இரண்டு கை வெந்தயத்தை அள்ளி முடிக்குள் தூவி, ஈரச் சாக்கால் மூடி வைத்தான்.

அவனுடைய இரண்டாவது பங்குதான் கடினமானது. துண்டால் துவட்டாமல் இருக்க வேண்டும். ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னால் செய்துவிடலாம். செய்யாமல் இருப்பதை எப்படிச் செய்வது?

"நீ சும்மா உக்காந்திரு. துவட்டாமத்தானே இருப்ப" என்றான் நம்பிராஜன்.

"சும்மா உக்காந்தா எல்லாத்தையும்தான் செய்யாம இருக்கேன். நெல்லு குத்தாம இருக்கேன், கெணறு வெட்டாம இருக்கேன். எஸ்தர் குறிப்பாத் துவட்டாம இருக்கச் சொல்லியிருக்கா."

இது நியாயமாகப் பட்டது. ஒரு துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, தங்கை தலையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, துவட்டாமல் நின்றான். காலையில் தொடங்கி மத்தியானம் வரை துவட்டவில்லை. தோள்பட்டை வலித்தது. சாப்பாட்டு நேரத்தில் கை தளர்ந்து துண்டு முடியில் லேசாக உரசிவிட, அதுவரை துவட்டாமல் இருந்ததெல்லாம் வீணாயிற்று என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவழியாக முடித்துவிட்டு, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தான்.

வியாழக்கிழமை நம்பிராஜன் அம்மியைக் கழுவி வைத்துவிட்டு, வெந்தயத்தை எடுக்கச் சாக்கைத் தூக்கினான். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. வகிட்டுக்கு இடப்பக்கம் இரண்டு மூன்று பச்சையும் தலைகாட்டியிருந்தது.

"அண்ணே, வெளைஞ்சிட்டு" என்றான்.

மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"வெந்தயத்தைத்தான் அரைக்கச் சொன்னாவ. இது இப்ப கீரைல்லா" என்றார் பெரியவர்.

"கீரையை அரைக்க யாரும் சொல்லலையே" என்றான் நடுவிலவன்.

அரைக்கிற வேலை இப்படிக் கழன்றுகொண்டது. அரைக்காததால் அலசவும் வேண்டியதில்லை. தாகமும் எண்ணெயும் மிச்சம். நம்பிராஜன் காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு என்று பயிருக்கு ஊற்றுவதுபோல ஊற்றினான். பிறகு ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய். நல்ல முடியாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு முடிக்கு ஒரு சொட்டு, இன்னொரு முடிக்கு இன்னொரு சொட்டு. அந்த இரண்டும் உடனே பட்டுநூல்போலப் படிந்துவிட்டன. எஸ்தர் சொன்னது பொய்யில்லை.

சொர்ணக்கிளி கண்ணாடியில் அந்த இரண்டு முடியையும் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் விண்ணப்பத்தை எடுத்து, போட்டோ ஒட்டுகிற கட்டத்தை நூலால் அளந்தாள். அதே நூலால் தன் தலையையும் அளந்தாள். நூல் போதவில்லை. இன்னொரு நூலை முடிச்சுப் போட்டு அளந்தாள். அடுத்து இருப்பவள் யாரோ, அவளுக்குப் படிந்த முடியாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி நூலைச் சுருட்டி வைத்தாள்.

"நாளைக்கு அடங்கிருமா, பெரியண்ணே?" என்று கேட்டாள். அந்த வாரத்தில் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"நாங்க மூணு பேரும் எங்க பங்கைச் செஞ்சிட்டோம்மா. இனி முடிதான் அதோட பங்கைச் செய்யணும்" என்றார் ஆவுடையப்பன்.

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோ வாசலில் அவளைப் பார்த்ததும் ஜெபராஜ் திரையை விலக்கினார். எஸ்தர் வந்து பார்த்தாள். சுற்றி வந்தும் பார்த்தாள். ஒரு வெந்தய இலையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் சொன்னதை எல்லாம் செஞ்சியாம்மா?"

"ஒண்ணு விடாமச் செஞ்சோம்க்கா" என்றாள் சொர்ணக்கிளி. அது உண்மையும்கூட.

எஸ்தர் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். முதலிலிருந்து செய்ய நேரம் இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்தால்தான் ஐந்து மணிக்குள் யூனியன் ஆபீஸுக்குப் போக முடியும். ஜெபராஜ், சொர்ணக்கிளியை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"தலையைக் கையால நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிடுங்க. நான் ரெடின்னு சொன்னதும் கையை எடுத்துருங்க" என்றார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பங்கு ஒரு நொடியில் முடிந்தது. வலப்பக்கம் அமுக்கிப் பிடிப்பது ஆவுடையப்பன். இடப்பக்கம் அமுக்கிப் பிடிப்பது உச்சிமாகாளி. கையை எடுப்பது நம்பிராஜன்.

ஜெபராஜ் ரெடி என்றார். நம்பிராஜன் சட்டைப்பையில் வைத்திருந்த தன் கையை உடனே எடுத்தான். கேமரா மின்னியது.

ஜெபராஜ் மறுபடியும் விளக்கினார். மறுபடியும் ரெடி என்றார். நம்பிராஜன் இந்தத் தடவை இன்னும் வேகமாக எடுத்தான். மூன்றாவது தடவை தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டுவிட்டது. இருப்பதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

படத்தில் சொர்ணக்கிளியின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை துலக்கமாக இருந்தது. அதற்கு மேல் நான்கு கைகள். விரல் சந்து ஒன்றில் ஒரு வெந்தய இலை. பெரியண்ணன் மணிக்கட்டில் வாட்ச். அது ஒரு தீபாவளிக்குத் தாய்மாமன் கட்டிவிட்டது. கட்டிக்கொள்ளச் சொன்னாரே தவிர, சாவி கொடுக்கச் சொல்லவில்லை. அன்று நின்ற நான்கு மணி பத்து நிமிஷம் அப்படியே இருந்தது. படத்திலும் நாலு பத்து.

யூனியன் ஆபீஸில் இருந்த மேடம் பூட்டப் போகிற நேரம். போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எதிரே நின்ற நான்கு பேரைப் பார்த்தார். விதிமுறைத் தாளை எடுத்து இரண்டு முறை படித்தார். தலை முழுதும் கட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இருந்தது. தலைமேல் கை இருக்கக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு முத்திரை குத்தினார்.

"மெஷினை வேற ஆளுக்குக் கைமாத்தி விடக் கூடாது. எப்ப வேணும்னாலும் வீட்டுக்கு வந்து பாப்போம். போட்டோல இருக்குற மாதிரியே ஆள் இருக்கணும். இல்லேன்னா மெஷினைத் திருப்பி எடுத்துக்கிடுவோம்" என்றார்.

அதை யாரும் பங்கு வைக்கவில்லை. அவ்வளவு முக்கியமான சேதி என்று நான்கு பேருமே முழுதாக மனதில் வாங்கிக்கொண்டார்கள்.

மெஷின் வாங்கப் போன அன்று, தட்டான்குண்டிலிருந்தே இரண்டு அண்ணன்மாரும் தங்கை தலையை அமுக்கிப் பிடித்தபடிதான் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் இவளுக்கு மண்டையிடி போல என்று எண்ணி உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார். திரும்பும்போது நான்கு கைக்கும் வேலை இருந்ததால், நம்பிராஜன் ஒருத்தனே மெஷினைத் தோளில் சுமந்து வந்தான்.

மெஷினை ஏணியோரமாகப் போட்டார்கள். சொர்ணக்கிளி மிதிக்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் அவள் நினைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. வலப்பக்கம் பெரியண்ணன், இடப்பக்கம் நடுவண்ணன், தலையை அமுக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். நம்பிராஜன் வாரம் ஒரு முறை புது வெந்தயம் தூவி, படத்தில் இருந்த இடத்தில் ஒரு இலை இருக்கும்படி பார்த்துக்கொள்வான். அளவு கொடுக்க வந்த பெண்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். தையல் ஒழுங்காக இருக்கவே, இதுவும் மெஷினோடு வந்த சாமான் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் பெரியநாயகம் அத்தையின் மருமகன், மனைவியின் ரவிக்கையை வாங்க வந்தவர், காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்காமல் பெரியண்ணனின் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்துவிட்டார். வாட்ச் ஓடத் தொடங்கியது.

அது ஓடுவதைக் கேட்டு மெஷின் நின்றது. சொர்ணக்கிளிதான் முதலில் பார்த்தாள். "பெரியண்ணே, போட்டோல நாலு பத்துல்லா" என்றாள். ஏணிவீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. இந்த நிமிஷம் மேடம் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது?

மறுநாள் நான்கு மணிக்கே வாட்ச்சைக் கழற்றி அம்மியில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலு பத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். பங்கு வைத்தார்கள். மணி பார்ப்பது ஆவுடையப்பன். இப்போது என்று சொல்வது உச்சிமாகாளி. குழவியால் ஒரு போடு போடுவது நம்பிராஜன். பெரியவர் நாலு பத்தைப் பார்த்து, வாட்ச் கண்ணாடியைத் துடைத்து, இன்னொரு முறை பார்த்து, தம்பிக்குத் தலையை ஆட்டினார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு இப்போது என்றான். நம்பிராஜன் குழவியைத் தூக்கி, குறி பார்த்துப் போட்டான்.

வாட்ச் நின்றுவிட்டது. நாலு பதினொன்றில்.

அன்றைக்கு அவர்கள் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. கடைசியில் வழி சொன்னவள் சொர்ணக்கிளி. கூச்சத்தோடு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். இவ்வளவு அறிவு இந்த முடிக்குள் இத்தனை நாள் எங்கே இருந்தது? இனி எந்தப் பங்கையும் நாலாகத்தான் வைப்பது என்று பெரியவர் அங்கேயே அறிவித்தார். மறுநாள் முதல் பஸ்ஸில், தலையும் கைகளுமாக நான்கு பேரும் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சொர்ணக்கிளிதான் கேட்டாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க எடுத்ததுக்கு ஒரு நிமிஷம் கழிச்சு எடுத்த போட்டோ இருக்கா?"

ஜெபராஜ் அவளைப் பார்த்தார். தலைமேல் இருந்த நான்கு கைகளைப் பார்த்தார். விரல் சந்தில் ஆடிக்கொண்டிருந்த வெந்தய இலையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனார். கொல்லைக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

நான்கு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒரு நிமிஷத்தைப் பங்கு வைத்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நொடி. வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்கென்று ஒரு பங்கு கிடைத்த சந்தோஷத்தில் சொர்ணக்கிளிக்குக் கண் கலங்கியது. மூத்தவர் முதலில் என்பதால் ஆவுடையப்பன் தன் பதினைந்து நொடியைத் தொடங்கினார்.

வெயில் வாசற்படியில் இருந்து உள்ளே வந்தது. சுவரில் ஏறியது. மத்தியான பஸ் வந்து போயிற்று. சொர்ணக்கிளி மெதுவாக, "என் பங்கு எப்ப வரும், பெரியண்ணே?" என்று கேட்டாள்.

பெரியண்ணன் தங்கை தலையிலிருந்து கையை எடுக்காமல், மணிக்கட்டை மட்டும் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார். நாலு பதினொன்று.

"பொறும்மா. இன்னும் என் பங்கே முடியல" என்றார்.